இருபதுக்குப் பத்தொன்பது

"அட்டவணையைக் கொடுக்க முடியாதுன்னா முடியாதுதான்" என்றான் அழகுபாண்டி.

முனீஸ்வரிக்குக் காது சிவந்துவிட்டது. சொந்த அத்தை மகன் பேசுகிற பேச்சா இது?

கல்லூரியில் இறுதியாண்டு. அவள் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள், கூடப் படிக்கிற ஷ்யாம் ஒன்று எழுதியிருந்தான். கணக்கைக் கொடுத்தால், அதன் ஆகக் குறைந்த மதிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். இருபது கணக்கு, ஒவ்வொன்றும் முப்பது ஓட்டம். ஓட்டி, ஒப்பிட்டு, அட்டவணை போடுவது அழகுபாண்டி. ஜெயிக்கிறவருக்கு பெங்களூரில் ஆறு மாதப் பயிற்சி. ஒரே ஒரு இடம்.

முனீஸ்வரி பத்தொன்பது. ஷ்யாம் ஒன்று.

பரவை மார்க்கெட்டில் அவள் அப்பா தக்காளி நிறுப்பதை விட்டுவிட்டு இதைத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் கபடி என்று நினைத்தார்கள்.

"நாளைக்கு வெளிப் பரிசோதகர் வாராரு. இப்ப என்னடா கோளாறு?"

"முப்பது ஓட்டத்துலயும் பிழை சுத்த சைபர். உனக்கே சந்தேகமா இல்லையா?"

"நல்லா எழுதுனா அப்படித்தான் வரும். ஷ்யாம் உனக்கு எத்தனை பரோட்டா வாங்கிக் கொடுத்தான்?"

"மூணு. அது போன வாரம்." அவன் முகம் மாறவில்லை. "இங்க பாரு. நீ ஜெயிச்ச பத்தொன்பதுக்கும் விடை நட்ட நடுவுல இருக்கு. உன் புரோகிராம் தேட ஆரம்பிக்கிறதும் நட்ட நடுவுலதான். காலடியில கெடந்ததை எடுத்துட்டு ஊரெல்லாம் தேடுனேன்னு சொல்ற. விடையை இடம் மாத்தி வச்சு மறுபடி ஓட்டுவோம்."

"மாத்திக்க. எனக்கென்ன பயமா?"

பயம்தான். சாயங்காலம் வரை நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முனீஸ்வரி பன்னிரண்டு. ஷ்யாம் எட்டு.

"ஏழு போச்சு. இப்ப நிம்மதியா?"

"இப்பவும் நீதானே முதல்?"

அவள் புது அட்டவணையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவனோடு பேசவே இல்லை.

மறுநாள் பரிசோதகர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். குரலும் அங்கிருந்துதான் வந்தது. "இந்தக் கணக்கெல்லாம் விடை நடூஊவுல இருக்குமேம்மா. தள்ளி வெச்சுப் பார்த்தேளோ?"



"பார்த்தோம் சார்." முனீஸ்வரி இரண்டாவது அட்டவணையை நீட்டினாள்.

அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "மூணு காலேஜ்ல கேட்டேன். எல்லாரும் முழிச்சா. நீதாம்மா செஞ்சு பார்த்திருக்கே. பெங்களூருக்குப் பெட்டியைக் கட்டு."

முனீஸ்வரிக்குக் கால் தரையில் படவில்லை. வராந்தாவில் நின்ற ஷ்யாமைப் பார்த்து எட்டு விரலை விரித்துக் காட்டிவிட்டுப் போனாள். அவன் சிரித்துக்கொண்டே கைதட்டினான். சூடு சொரணை இல்லாத பயல் என்று நினைத்துக்கொண்டாள்.

நேராக அழகுபாண்டியிடம் வந்தாள். "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. பழைய அட்டவணையோட போயிருந்தா மானம் கப்பலேறியிருக்கும். எப்படிடா கண்டுபிடிச்ச?"

அழகுபாண்டி தலையைச் சொறிந்தான்.

"எனக்கு அட்டவணை மட்டும்தான் போடத் தெரியும். கண்டுபிடிச்சது ஷ்யாம். 'நான் சொன்னேன்னு தெரிஞ்சா அவ ஓட்டவே மாட்டா, நீயே சொல்ற மாதிரி சொல்லு'ன்னான்."