முந்நூற்றுப் பதின்மூன்றாம் எண்

மரத்தை வெட்டுமுன் அதில் குடியிருக்கும் பறவைகளிடமும் ஆவிகளிடமும் அனுமதி கேட்பது கரிசல்காட்டு வழக்கம். கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையின் கணிப்பொறியைப் பார்த்துக்கொண்ட பால்துரை எவரிடமும் கேட்கவில்லை. 1987இல், வருகைப்பதிவு நிரலுக்குள் எங்குமே பயன்படாத கட்டளை ஒன்றைக் கண்டார்: '313 வந்தால் உள்ளே விடாதே.' ஆலையில் மொத்தமே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். முன்பிருந்தவர் ஏதோ சூது வைத்துப் போயிருக்கிறார் என்று ஐயுற்று, அதை அழித்தார்.

மறுநாள் காலைப் பட்டியலில் 313 பணிக்கு வந்திருந்தது. பட்டியலில் ஓர் ஆள் மிகுந்தாலும் வேலை போய்விடும் என்று மேலாளர் எச்சரித்திருந்தார். பால்துரை வாயிற்காவலனிடம் ஓடினார்.

"ஏலே உச்சிமாகாளி, புது ஆளு யாரையும் உள்ள விட்டியா?"

"நல்லா கேட்டிய போங்க, அண்ணாச்சி! அவிய உங்க தோள்ல கையப் போட்டுக்கிட்டுல்லா வந்தாவ?"

பால்துரை அன்று பஞ்சறைப் பக்கமே போகவில்லை. அவருடைய நீலச் சட்டையின் தோளில், ஐந்து விரல்களின் தடமாகப் பஞ்சு படிந்திருந்தது.