மூன்றாவது சிலிண்டர்

யாரும் மூச்சுகூட விடக் கூடாது என்று சொல்லிவிட்டு, பெரிய மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார்.

அதன் நுனி, வாசலில் உறுமிக்கொண்டிருந்த டீசல் வேனின் எஞ்சின்மேல் ஊன்றியிருந்தது.

டக் டக். கொஞ்சம் நிறுத்தம். டக் டக்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தவறினால் நரம்பு டாக்டரை அடுத்த மாதம்தான் பார்க்க முடியும். பக்கவாதத்தில் இடது பக்கமும் பேச்சும் போன மாமனாரை மெத்தையோடு தூக்கி, சரக்கு ஏற்றும் பின்பகுதியில் படுக்கவைத்து, பக்கத்தில் கைத்தடியையும் போட்டுக் கதவைச் சாத்தியாயிற்று. மூத்த மகள் மட்டும் ஸ்கேன் படங்களைத் தேடி வீட்டுக்குள் போயிருந்தாள். அவற்றைப் பத்திரமாக எடுத்துவைத்தவர் அவள் புருஷன். அதனால் அவை கிடைக்கவில்லை.

எஞ்சின் சூடாகட்டும் என்று சின்ன மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பிவைத்தான். ஐந்து நிமிடத்தில் தட்டல் ஆரம்பித்தது.

வேன் அவனுடையது. மெதுவாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றான்.

வழியில் கிராங்க் முறிந்து நின்றால் மாமனாரை யார் தோளில் சுமப்பது என்று கேட்டார் பெரியவர். அவர் பஸ் பணிமனையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை, வருகைப் பதிவேடு எழுதினார் என்று அவரும் சொன்னதில்லை.

எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

ஸ்க்ரூடிரைவர் எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்கு, அங்கிருந்து பின்பக்கத் தகரத்துக்குப் போனது. பின்னால் போகப் போகத் தட்டல் பலமாகக் கேட்டது. நோய் முற்றிவிட்டால் சத்தம் உடம்பெல்லாம் பரவும் என்று விளக்கினார். எதிர்வீட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள்.

சைலன்சரில் ஓட்டை, புகை உள்ளே ஏறும், பின்கதவைத் திறந்துவைக்கட்டுமா என்று கேட்டான் சின்னவன். திறந்தால் சத்தம் சிதறும் என்று தடுத்தார்.

சின்னவன் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தான்.

"அண்ணே, எஞ்சின் வேகமாகுது, இந்தத் தட்டு மட்டும் அதே நிதானத்துல வருதே?"

"ஓட்டத் தெரிஞ்சவனுக்கெல்லாம் எஞ்சின் தெரிஞ்சிடாது தம்பி. வாயை மூடிக்கிட்டுக் காதைத் திற."

பிறகு ஸ்பேனரை எடுத்தார். இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசல் பைப்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். எதைத் தளர்த்தும்போது சத்தம் நிற்கிறதோ அந்தச் சிலிண்டர்தான் குற்றவாளி. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பேசுகிற குரலில் சொன்னார்.

முதல் பைப்பைத் தளர்த்தினார். எஞ்சின் நொண்டியது. டக் டக். நிறுத்தம். டக் டக்.

அதை இறுக்கிவிட்டு இரண்டாவதைத் தளர்த்தினார். வெள்ளைப் புகை கிளம்பியது. தட்டல் தளர்ந்தது. நெருங்கிவிட்டோம் என்றார்.

மூன்றாவது.

டக்.

அவ்வளவுதான். பிறகு வரவில்லை.

பெரியவர் நிமிர்ந்து, டீசல் சொட்டும் கையோடு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் கைகூடத் தட்டிவிட்டார். சின்னவன் எஞ்சினை அணைத்தான்.

படங்கள் ஒருவழியாகக் கிடைத்து, மூத்தவள் ஃபிளாஸ்கும் கையுமாக வெளியே வந்தாள்.

"இவ்வளவு நேரமா அப்பா தட்டவே இல்லையா?"

பேச்சு போன மறுவாரமே, கைத்தடிக்கு இரும்புப் பூண் போட்டு மாமனாரின் வலது கையில் கொடுத்தவர் பெரிய மாப்பிள்ளைதான். ஆள் வேண்டுமென்றால் இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி மறுபடி இரண்டு என்று பழக்கியவரும் அவர்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்த ஏற்பாட்டைச் செய்துகாட்டி மெச்சிக்கொள்வார்.

சின்னவன் இருக்கையிலிருந்து குதித்துப் பின்பக்கம் ஓடினான்.

பெரியவர் அவனுக்கு முன்னால் போய்விட்டார். ஆனால் கதவைத் திறக்கக் கை வரவில்லை.

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியைப் பின்கதவுத் தகரத்தில் ஊன்றினார்.