கப்பலில் எண்ணூறு பேர்

"லேசரை விடாம சுட்டா வர்ற ஏவுகணையெல்லாம் எரிஞ்சிடும்ங்க. போர்க்கப்பல் தப்பிச்சிரும்" என்றான் அன்புச்செல்வன். அவன் எழுதிக்கொண்டிருந்த விண்வெளி நாவலின் கடைசிச் சண்டை அது.

"உள்ள இருக்கறவங்க?" என்றாள் தனுஷா.

"அவங்களுக்கு இன்னா?"

"சுடச்சுட லேசர் சூடாவும் இல்ல? உங்க கையில இருக்கற காப்பி இன்னாத்துல ஆறுது? காத்துல. அங்க ஏதுங்க காத்து? சூடு வெளிய போவாம எண்ணூறு பேரும் இட்லி மாதிரி வெந்துடுவாங்க."

அன்புச்செல்வன் காப்பியைப் பார்த்தான். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"இப்ப இன்னா பண்றதுங்க?"

"சூட்டைத் தண்ணியில எறக்கி, ஆவியா வெளிய விட்டுடலாம். கப்பல்ல தண்ணி எவ்ளோ இருக்கு?"

"குடிக்க மட்டுந்தான்."

"அத்த வச்சிக்கினு சண்டைக்குக் கெளம்பிட்டீங்களா? நல்ல ஆளுங்க நீங்க."

மொட்டை மாடிப் படியில் தனுஷாவின் அப்பா மூச்சு வாங்க ஏறி வந்தார். கீழே, சின்னசேலத்திலிருந்து வேனில் வந்த மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"பொண்ணும் மாப்ளையும் தனியா பேசட்டும்னு அனுப்பி ஒரு மணி நேரமாவுது. அல்லாரும் காத்துக்கினு இருக்காங்க. புடிச்சிருக்கா இல்லியா, சொல்லும்மா."

தனுஷா திரும்பக்கூட இல்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் குடுப்பா. எண்ணூறு பேரோட உசுரு இது."