கேக்கைத் தொடாத கத்தி

குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்காகச் சபை வாலிபர்கள் கொண்டுவந்த கிறிஸ்துமஸ் கேக்கின் மேல் கத்தி அந்தரத்தில் நின்றது. பிடித்திருந்தவள் ஏழு வயது செண்பகா. அந்தச் சின்னக் கையைப் பொத்திப் பிடித்திருந்தவள், வாலிபர்களோடு வந்த ஜெபமலர்.

"வெட்டும்மா."

"வெட்டுனதும் என்னைய அனுப்பிருவாங்களாக்கா?"

வாசலில் செண்பகாவின் சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லீவுக்கு அழைத்துப் போக வந்திருந்தார். கேக் வெட்டியதும் கூட்டிப் போகலாம் என்று வார்டன் சொல்லியாயிற்று.

"சித்தப்பா வீடுதானேடா, ஜாலியா இருக்கும்."

"போன லீவுக்கும் போனேன்க்கா."

அவ்வளவுதான் சொன்னாள். ஜெபமலரின் உள்ளங்கைக்குள் அந்தக் கை கத்தியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது.

"என்ன ஜெபா, கேக்கோட பேச்சுவார்த்தையா? பசிக்குதுப்பா!" என்றான் கிட்டார் வாசித்த ரூபன். எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார்.

ஜெபமலர் கத்தியை இன்னும் உயர்த்தினாள்.

"ரூபன், இன்னொரு பாட்டு."

"எல்லாம் பாடி முடிச்சாச்சே!"

"முதல்ல இருந்து பாடு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

அவள் குரலைக் கேட்டு ரூபனின் சிரிப்பு நின்றது. கிட்டார் ஒலித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தொடங்கினார்.