கிலோ முப்பது

நூறு வருஷத்து டிராமுக்குக் கிலோ முப்பது என்கிறார் பழைய இரும்புக்காரர். சம்பளம் வாங்காத ஆர்வலர்கள் கூடி நடத்தும் இந்த வண்டி அருங்காட்சியகத்தின் கூரை ஓட்டைகள் வழியே, வெயில் காசு காசாக டிராமின் பச்சை நெற்றியில் விழுந்துகிடக்கிறது. மழைக்கும் அதே வழிதான். கூரை மாற்ற நாலு லட்சம் வேண்டும். ஒன்றை விற்றால்தான் மற்ற வண்டிகள் துருவுக்குத் தப்பும். விலை பேசும் பொறுப்பு, அவர்களில் கணக்குப் பார்க்கும் மெத்தைக்கடைக்காரர் தலையில் விழுந்திருக்கிறது. அவர்களில் இன்னொருவரான பல் டாக்டரம்மா டிராமுக்கு அடியில் படுத்து இன்னமும் சேறு சுரண்டிக்கொண்டிருக்கிறார். “என்னக்கா, கழுவிட்டீங்களே! சேறோட எடை போட்டிருந்தா உங்களுக்குத்தானே லாபம்?” என்று சிரிக்கிறார் இரும்புக்காரர். “வீட்டை விட்டுப் போற பிள்ளையை அழுக்கோடயா அனுப்புவாங்க? உங்க வேலையைப் பாருங்க தம்பி” என்கிறது அடியிலிருந்து குரல். சிரிப்பு நின்றுவிடுகிறது. ஒரு தலையணை உறைக்கே ஆளைத் தெருமுனை வரை போகவிட்டுக் கூப்பிடுகிற மெத்தைக்கடைக்காரர், இன்று பேரமே பேசவில்லை. பித்தளைக் கைப்பிடியைக் கைக்குட்டையால் துடைத்தபடி, இரும்புக்காரர் முகத்தைப் பார்க்காமல், “சரி, எடுத்துக்குங்க” என்கிறார். கைக்குட்டை மட்டும் நிற்காமல் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. பத்து டன்னுக்கு மூன்று லட்சம். குறைகிற ஒரு லட்சத்துக்கு, இரும்புக்காரரின் கண் பக்கத்துச் சிவப்பு பஸ்ஸின் மேல் போய் நிற்கிறது.