கடைசி பெஞ்சுக்குப் பின்னால்

மதிய வெயில் பத்தாம் வகுப்பின் கரும்பலகையில் சாய்ந்து கிடக்கிறது. சாக்பீஸ் தூள் கீழே இறங்க மனமில்லாமல் அந்த ஒளியிலேயே மிதக்கிறது. கணக்கு டீச்சர் முக்கோணம் ஒன்றை வரைந்து, பாதித் தூக்கத்தில் இருக்கும் வகுப்புக்கு விளக்கிக்கொண்டே போகிறாள். "டீச்சர், கேக்கல, இன்னும் சத்தமா," என்கிறாள் ஜன்னலோரக் கடைசி பெஞ்சுக்காரி. மணியடித்ததிலிருந்து இதே பாட்டுதான். "காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?" என்று கடிந்தபடி பெஞ்சுகளுக்கு நடுவே வந்த டீச்சரின் கால்கள், பாதி சாத்திய ஜன்னலருகே நின்றுவிடுகின்றன. வெளியே, சுவரோடு சுவராக, போன மாதம் படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கடைக்குப் போன பெண் நிற்கிறாள். கழுத்தில் இன்ச் டேப் தொங்குகிறது. சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் காலடியில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையில் விரலால் முக்கோணம் போட்டுப் பார்க்கிறாள். வகுப்பு மூச்சை அடக்கிக்கொள்கிறது. அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, டீச்சர் ஒருத்தியைத் தவிர. அவள் ஜன்னல் கதவை முழுதாகத் திறந்து கொக்கியை மாட்டுகிறாள். கரும்பலகைக்குத் திரும்பி, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து, முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். "இப்ப கேக்குதா?" "கேக்குது டீச்சர்," என்று வகுப்பே சேர்ந்து சொல்கிறது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு, வெயில் வரும் பக்கமிருந்து, இன்னொரு குரலும் மெல்லச் சொல்கிறது.