சாமிக்கு மகள் உண்டு

பானை தளதளவென்று கொதித்தது.

அவன் அதன் முன்னால் நின்றான். இடுப்பில் சாமியாடியின் சல்லடக் கச்சை. கையில் தென்னம்பாளை. மேளம் உச்சத்துக்குப் போய் இறங்கி மறுபடியும் ஏறியது.

சாமி வரவில்லை.

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் மதியக் கொடை. வருடா வருடம் இந்த நேரத்தில்தான் சாமி அவன்மேல் இறங்கும். பாளையை மஞ்சள் தண்ணீரில் முக்கி, கொதிக்கக் கொதிக்கத் தன் தலையிலும் மார்பிலும் அடித்துக்கொள்வான். ஒரு கொப்புளம் வந்ததில்லை. அவன் அப்பாவுக்கும் வந்ததில்லை.

போன வருடம் ஆவணப்படம் எடுக்கிறோம் என்று பட்டணத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவனை அண்ணே என்று கூப்பிட்டார்கள். அவன் மகள் பேச்சியைக் கேமராவுக்குள் கண் வைத்துப் பார்க்க விட்டார்கள்.

படம் வந்தது. நாற்பது நிமிடம். ஊர் முழுக்கப் போனில் பார்த்தது.

அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

படத்தில் அவன் பாளையை ஓங்குகிறான். ஓங்கியவன் நிறுத்துகிறான். பானைக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறான்.

"ஏட்டி பேச்சி, தள்ளி நில்லு. தெறிச்சிரும்."

அதை மூன்று தடவை காட்டினார்கள். மூன்றாவது தடவை மெதுவாக. பின்னாலிருந்து ஒரு இனிமையான குரல் சொன்னது, சாமிக்கு மகள் உண்டு.

பட்டணத்து அரங்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பரிசுகூடக் கொடுத்தார்களாம்.

அவனுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அன்றைக்குச் சாமி வந்திருந்தது. சத்தியமாக வந்திருந்தது. கொதித்த தண்ணீர் அவன் மேலுக்குக் குளத்துத் தண்ணீராக இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஊரில் ஆளுக்கொரு பேச்சு. படம் எடுத்தவன் மேல் கேஸ் போட வேண்டும் என்றது ஒரு கூட்டம். வேற மதத்தை இப்படி எடுத்துருவானா என்றார்கள் டீக்கடையில். உள்ளதைத்தானே காட்டியிருக்கிறான், இதில் என்ன தப்பு என்றார் பள்ளிக்கூட வாத்தியார். இத்தனை வாதமும் ஓய்ந்தபிறகு, எல்லாரும் சேர்ந்து ஒரே ஆளைத்தான் பிடித்தார்கள்.

இத்தனை வருசமா நடிச்சிருக்காம் பாரு.

குறி கேட்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள். பள்ளிக்கூடத்தில் பேச்சிக்குப் பெயரே மாறிப்போனது. தள்ளி நில்லு. டீச்சர்கூட ஒருநாள் அப்படிக் கூப்பிட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

இன்றைக்கு மேளம் தொடங்கியதும் தர்மகர்த்தா சொள்ளமுத்து பேச்சியின் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார். பானைக்குப் பக்கத்தில், இரண்டடி விட்டு நிறுத்தினார்.

"பிள்ள இங்கனயே நிக்கட்டும். சாமின்னா அது சோலியப் பாக்கும். அப்பன்னா வாயத் தொறப்பான். இன்னைக்கோட தெரிஞ்சிரும்."

வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வாத்தியாரும் அங்கேதான் நின்றார். பேச்சியின் அம்மாவைக் கூட்டத்துக்குப் பின்னால் நாலு பெண்கள் பிடித்து வைத்திருந்தார்கள்.

கேமராக்காரர்கள் இந்த வருடம் வரவில்லை. வரத் தேவையுமில்லை. ஊரே போனைத் தூக்கிப் பிடித்திருந்தது.

வாயைத் திறந்தால் சல்லடத்தை அவிழ்த்துச் சித்தப்பா மகனிடம் கொடுக்க வேண்டும். அது போனால் போகட்டும். செத்துப்போன அப்பாவும் தாத்தாவும் ஏமாற்றுக்காரர்கள் ஆவார்கள். பேச்சி ஏமாற்றுக்காரன் மகள் ஆவாள், சாகும்வரை.

கண்ணை மூடினான். வா என்றான் உள்ளுக்குள். ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போ. கெஞ்சினான். பிறகு திட்டினான். சாமியை அவன் அப்படித் திட்டியதில்லை.

வரவில்லை.

கண்ணைத் திறந்தான்.

பேச்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை. பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். யாருக்கும் தெரியாமல், சரி என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினாள்.

அவன் பாளையை முக்கினான்.

முதல் அடியிலேயே தோல் கழன்றது. தொண்டைவரை வந்த அலறலை அப்படியே ஓங்காரமாக்கிக் கத்தினான். சாமியும் அப்படித்தான் கத்தும். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாவது அடி.

மூன்றாவது.

தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது. கூட்டம் ஓடிப் பின்வாங்கியது. பேச்சி நகரவில்லை. அவள் கால் இரண்டிலும் விழுந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் பார்த்தான்.

பார்த்துவிட்டு, மறுபடியும் முக்கினான்.

குலவை எழுந்தது. சொள்ளமுத்து நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தார். வாத்தியார் அவசர அவசரமாகச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினார்.

"இதுதாம்ல சாமி. போன வருசம் ஏதோ தீட்டு பட்டிருக்கு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

திருநீறு வாங்க வரிசை நின்றது. மஞ்சளுக்கு அடியில் மேலெல்லாம் எரிந்தது. தட்டைப் பிடித்த கை நடுங்கியது. சாமியின் கை நடுங்கத்தான் செய்யும் என்று எல்லாரும் கும்பிட்டார்கள்.

பேச்சி குதிகாலை ஊன்றி ஊன்றி வந்தாள். வரிசையில் தன் முறைக்கு நின்றாள். எல்லாரையும் போலக் கையை ஏந்தினாள்.

"சாமி, காலு ரெண்டும் எரியுது."

ஒரு போனும் இறங்கவில்லை.

அவன் அவள் நெற்றியில் திருநீறு பூசினான். அடுத்து நின்றவரை முன்னால் வரச் சொன்னான்.